பெட்டி கட்டும் வாரத்தில் பல்லைப் பிடுங்காதீர்கள்!

2023 செப்டம்பர் கடைசி வாரம். ராத்திரி எட்டரை மணி இருக்கும். கிளினிக்கைப் பூட்டலாம் என்று நான் எழுந்தபோது ஓர் அம்மாவும் மகனும் உள்ளே வந்தார்கள். பழகிய குடும்பம். அந்தப் பையனுக்குச் சின்ன வயதில் இருமல் வந்தால் ஆடாதோடை மணப்பாகு கொடுத்தது நான்தான். இப்போது என்னைவிட அரை அடி உயரமாக நிற்கிறான்.

“ஐயா, இவன் ஞாயித்துக்கிழமை மேல்படிப்புக்கு ஜெர்மனி போறான். கடைவாய்ல ஒரு பல்லு பாதி முளைச்சு நிக்கி. அங்க போயி வலிச்சா பல்லு டாக்டருக்கு லட்சக்கணக்குல ஆவும்னு சொல்லுதாங்க. அதான் நாளைக்கே எடுத்துரலாம்னு டோக்கன் போட்டிருக்கோம். எடுத்த பெறவு புண்ணு சீக்கிரம் ஆற நம்ம மருந்து ஏதும் இருக்கான்னு கேக்க வந்தேன்.”

அன்றைக்குப் புதன்கிழமை. வியாழன் பல், ஞாயிறு விமானம்! நடுவில் முழுசாக இரண்டே நாள்.

“இப்போ வலி இருக்காப்பா?” என்று பையனைக் கேட்டேன்.

“இல்ல சார். போன வருஷம் ஒரு தடவை வீங்குச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல.”

“அப்படின்னா இப்போ அதைத் தொடாதே. அப்படியே விட்டுட்டுப் போ.”

அந்த அம்மாவுக்கு என் பதில் பிடிக்கவில்லை. குக்கர் வாங்கியாச்சு, கம்பளி வாங்கியாச்சு, பருப்புப் பொடி திரிச்சாச்சு, பல் ஒன்றுதான் பாக்கி என்று அவர் மனசில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் மிச்சம் இருப்பதையும் அடித்துவிட்டால்தானே தாய்க்கு நிம்மதி! மறுநாள் பல்லை எடுத்துவிட்டார்கள். பல் டாக்டர் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறப் போகிறான் என்பதை அவரிடம் யாருமே சொல்லவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பையன் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினான். வளைகுடாவில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போதே வலி ஆரம்பித்துவிட்டது. பல் இருந்த இடத்தில் தொடங்கி, காது, நெற்றிப்பொட்டு என்று ஒரு பக்கம் முழுவதும் தெறித்திருக்கிறது. வாயில் ஒரு கெட்ட வாடை வேறு. ஜெர்மனியில் இறங்கிய அன்றைக்கு அங்கே யாரையும் தெரியாது. எந்த டாக்டரிடம் போவது என்று தெரியாது. பயண இன்சூரன்ஸ்காரர்களைக் கேட்டால், புறப்படுவதற்கு முன்பே செய்துகொண்ட சிகிச்சையின் தொடர்ச்சி இது, எங்கள் கணக்கில் வராது என்றார்களாம். மூன்று நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தாக்குப் பிடித்துவிட்டு, நாலாம் நாள் ஒரு பல் டாக்டரைப் பார்த்து, கைக்காசைக் கொடுத்து, அந்தக் குழியைக் கழுவி மருந்து வைத்த பிறகுதான் வலி அடங்கியது. எந்தச் செலவுக்குப் பயந்து இங்கே அவசரமாக எடுத்தார்களோ, அந்தச் செலவு அங்கே போய் அவனுக்காகக் காத்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பல்கலைக்கழகத்தில் சேரும் முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் அங்குள்ள பொது மருத்துவ இன்சூரன்ஸில்தான் சேருகிறார்கள். மருத்துவ ரீதியாக அவசியமான பல் எடுப்பு அதிலேயே அடக்கம். ஒரு மாதம் பொறுத்திருந்தால், தேவைப்பட்டால், அங்கேயே எடுத்திருக்கலாம்! இதை விசாரிக்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

‘சித்த வைத்தியருக்குப் பல் பிடுங்குவதில் என்ன பேச்சு?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் மருத்துவத்தில் புறமருந்து முப்பத்திரண்டு என்று சொல்வோம். அதில் அறுவையும் ஒன்று. ஆனால் எலும்புக்குள் படுத்துக்கிடக்கும் பல்லை எடுப்பது இன்றைக்குப் பல் அறுவை மருத்துவரின் வேலை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த நாளிலேயே, எது நம் கைக்கு அடங்கும், எது அடங்காது என்பதைத்தான் முதலில் கற்றுக் கொடுத்தார்கள். ஆனாலும் நான் எழுதக் காரணம் இருக்கிறது. பல்வலி வந்ததும் நம் வீடுகளில் முதலில் கிராம்புதான் வாய்க்குள் போகிறது. அடுத்தது எங்களைப் போன்றவர்களிடம்தான் வருகிறார்கள். பல் டாக்டர் மூன்றாவது ஆள்தான். அதற்குள் விமான டிக்கெட் தேதி வந்துவிடுகிறது.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால், கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி கடைவாய் ஈறு வீங்கி வந்தாள். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடி போலக் கிடக்கும். அதற்கடியில் சோற்றுப் பருக்கையும் அழுக்கும் சேர்ந்து சீழ் பிடிக்கும். உப்பு வெந்நீர், திரிபலா கசாயம் கொப்பளிக்கச் சொன்னேன். நாலு நாளில் வாடிவிட்டது. எட்டு மாதத்தில் மறுபடியும் வந்தாள். மறுபடியும் கசாயம், மறுபடியும் குணம். மூன்றாவது தடவையும் அதேதான். ‘பார்த்தாயா, நம்ம மருந்தோட மகிமை’ என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு! கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள். நாலாவது தடவை அங்கே வந்தது. வாயைத் திறக்க முடியவில்லை, தாடைக்குக் கீழே வீக்கம் இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. வீக்கத்தை நான் இறக்கினேனே தவிர, வீக்கத்துக்குக் காரணமான பல் அங்கேயே இருந்தது. முதல் தடவையே ‘வலி போனதும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாரும்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஈறு வீங்கி வருகிற யாரையும் எக்ஸ்ரே இல்லாமல் நான் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

கிராம்புத் தைலத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. அதில் யூஜினால் என்கிற சத்து இருக்கிறது. அது வலியை மரக்கச் செய்யும். பல் டாக்டர்களே அதைப் பல வகையில் உபயோகிக்கிறார்கள். ஆகவே கிராம்பு பொய் இல்லை. ஆனால் அது வாயை அடைக்குமே தவிர, வழக்கைத் தீர்க்காது. அதுவும் கலக்காத தைலத்தைப் பஞ்சில் நனைத்து ராத்திரி முழுக்க அழுத்தி வைத்துக்கொண்டால் ஈறு வெந்து வெளுத்துவிடும். அப்படி வெந்த வாயோடு எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

சரி, ஞானப்பல்லுக்கு வருவோம். பொதுவாகப் பதினேழிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் முளைக்கிற கடைசிப் பல் அது. புத்தி தெளிகிற வயசு என்று அந்தப் பேர் வைத்தார்கள் போலிருக்கிறது. நம் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கவும் வேலைக்கும் புறப்படுகிற வயசும் அதுவேதான்! கடைசியில் வருவதால் தாடையில் அதற்கு இடம் இருப்பதில்லை. சிலருக்கு நேராக வரும், சிலருக்குச் சாய்ந்து முன்பல்லை முட்டும், சிலருக்கு எலும்புக்குள்ளேயே படுத்துவிடும். சிலருக்கு முளைப்பதே இல்லை.

எல்லா ஞானப்பல்லையும் எடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோய் எதுவும் இல்லாத ஞானப்பல்லை ‘பின்னால் வந்துவிடுமோ’ என்கிற முன்ஜாக்கிரதைக்காக எடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டிலேயே அரசாங்க மருத்துவத்துக்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப ஈறு வீங்கினால், அந்தப் பல்லோ பக்கத்துப் பல்லோ சொத்தையானால், எக்ஸ்ரேயில் கட்டி மாதிரி ஏதாவது தெரிந்தால் எடுக்க வேண்டியதுதான். அதிலும் சின்ன வயசில் எடுத்தால் வேர் முழுசாக இறுகாமல் இருக்கும், எலும்பும் கொஞ்சம் இளக்கமாக இருக்கும், புண் சீக்கிரம் ஆறும். எடுப்பதற்கு நான் எதிரி இல்லை. எடுக்கிற நாளைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

பல்லை எடுத்த குழியில் என்ன நடக்கிறது தெரியுமா? ரத்தம் வந்து நிரம்பி உறைகிறது. அந்த உறைந்த ரத்தம்தான் குழிக்கு மூடி, மருந்து, காவல்காரன் எல்லாம். முழங்காலில் அடிபட்டால் பொருக்கு கட்டுகிறதல்லவா, அது மாதிரி. அது அங்கேயே இருந்தால் அதன் அடியில் சதை வளர்ந்து மூடிக்கொள்ளும். அது பெயர்ந்தோ கரைந்தோ போனால் அடியில் உள்ள எலும்பு வெறுமனே தெரியும். காற்றுப் பட்டாலும் வலி, தண்ணீர் பட்டாலும் வலி. இதைத்தான் பல் டாக்டர்கள் ‘ட்ரை சாக்கெட்’ என்கிறார்கள். ஜெர்மனிப் பையனுக்கு வந்தது இதுதான். சாதாரணப் புண் வலி நாளுக்கு நாள் குறையும். ட்ரை சாக்கெட் வலி குறைந்துகொண்டே வந்து, மூன்றாம் நாள் நாலாம் நாளில் திடீரென்று எகிறும். மேல்பல்லைவிடக் கீழ் ஞானப்பல்லுக்கு இது அதிகம். சிகரெட் பிடிப்பவர்களுக்கும், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், எலும்பை வெட்டிக் கஷ்டப்பட்டு எடுத்த பல்லுக்கும் இன்னும் அதிகம்.

விமானம் ஏறியதால் ட்ரை சாக்கெட் வந்தது என்று நான் சொல்லவில்லை. அவன் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கலாம். ஆனால் இங்கே இருந்தால் ஆட்டோவில் ஏறிப் பத்து நிமிஷத்தில் பல் எடுத்த டாக்டரிடமே போயிருப்பான். மருந்து வைத்திருப்பார், அன்றைக்கே தூங்கியிருப்பான். எந்த நாளில் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டுமோ, அந்த நாளில் அவன் இரண்டு ஊருக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

மேல் ஞானப்பல் விஷயத்தில் விமானத்துக்கே ஒரு பங்கு உண்டு. மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலேதான் சைனஸ் என்கிற காற்றறை இருக்கிறது. சிலருக்கு நடுவில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய எலும்புதான் தடுப்பு. பல்லை எடுக்கும்போது அதில் ஓட்டை விழுந்துவிடுவதும் உண்டு. தண்ணீர் குடித்தால் மூக்கில் வருகிறது என்பார்கள். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். கொடைக்கானலுக்குக் கால் மணி நேரத்தில் ஏறி, சாயங்காலம் கால் மணி நேரத்தில் இறங்கினால் எப்படி இருக்கும்? அந்த அழுத்த மாற்றம் ஆறாத சைனஸைப் படுத்திவிடும். இப்படிப்பட்டவர்கள் மூக்கை பலமாகச் சிந்தக்கூடாது, தும்மலை வாயை மூடி அடக்கக்கூடாது. பல் அறுவை மருத்துவர் ‘சரி’ என்று சொல்லாமல் விமானம் ஏறவும் கூடாது.

இன்னொன்று, கீழ்ப்பல்லின் வேரை ஒட்டியே உதட்டுக்கும் மோவாய்க்கும் போகிற நரம்பு ஓடுகிறது. எடுத்த பிறகு சிலருக்கு உதடு வாரக்கணக்கில், அபூர்வமாக மாதக்கணக்கில்கூட மரத்துக்கிடக்கும். அதையும் எடுத்தவரே தொடர்ந்து பார்ப்பதுதான் நல்லது.

ஆகவே என் கணக்கு இதுதான். எலும்பை வெட்டித் தையல் போட்டு எடுக்கிற ஞானப்பல் என்றால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால். மிகக் குறைந்தபட்சம் இரண்டு வாரம். நேராக முளைத்த பல்லைச் சுலபமாக எடுத்தால் ஒரு வாரம். ‘ரெண்டு நாள் போதும்னு சொன்னாங்களே’ என்பீர்கள். விமானத்தில் உட்கார ரெண்டு நாள் போதும் என்று சிலருக்குச் சொல்வார்கள்தான். நான் கேட்பது உட்கார முடியுமா என்றல்ல, ஏதாவது ஆனால் யாரிடம் போவீர்கள் என்று. புறப்படப் பத்து நாளுக்கும் குறைவாக இருக்கிறது, பல்லும் சும்மா இருக்கிறது என்றால் அதைத் தொடவே வேண்டாம். ஈறு கொஞ்சம் வீங்கியிருந்தால் பல் டாக்டரிடம் போய் ஈறு மூடிக்கடியில் சுத்தம் செய்துகொண்டு, மருந்து எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். காய்ச்சலும் சீழுமாக இருந்தால் அது வேறு விஷயம். டிக்கெட்டை மாற்றுங்கள். மாற்றுகிற கட்டணத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும்தான் பயணம். இடம் கிடைத்த கடிதம் அதற்குப் பல மாதம் முன்பே வந்துவிடுகிறது. கடிதம் வந்த வாரமே ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுங்கள். வாய் முழுவதும் ஒரே படத்தில் தெரியும். சில நூறு ரூபாய்தான். விசாவுக்குப் போட்டோ எடுக்கிற அன்றைக்கே இதையும் எடுத்துவிடலாம்.

வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் கதை வேறு. எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவில் வருவார். பல கம்பெனிகளின் இன்சூரன்ஸில் பல் வைத்தியம் சேராது. ஆகவே பல்லை ஊரில் வந்துதான் பார்க்க வேண்டும். வந்ததும் முதல் வாரம் சொந்தபந்தம். இரண்டாம் வாரம் மச்சினி கல்யாணம், கறி விருந்து. மூன்றாம் வாரம் வீட்டுக்குத் தளம் போடும் வேலை. ‘பல்லை எடுத்துட்டா சாப்பிட முடியாதுல்லா’ என்று தள்ளித் தள்ளி, முப்பத்தெட்டாவது நாள் பல்லை எடுத்துவிட்டு நாற்பதாவது நாள் வீங்கின கன்னத்தோடு மதுரையில் விமானம் ஏறினார். இறங்கின மறுநாளே வெயிலில் வேலை. பெண்டாட்டி கையால் கஞ்சி குடித்து ஆற வேண்டிய புண்ணை, எட்டுப் பேர் தங்குகிற அறையில் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்று ஆற்றியிருக்கிறார். இவர்களுக்கு நான் சொல்வது: வந்து இறங்கின மூன்றாம் நாள் பல் டாக்டரைப் பாருங்கள். எடுப்பதானால் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். கல்யாண விருந்துக்கு வாய் தயாராகிவிடும்.

‘அங்கே போய் வலித்தால் என்ன செய்வது’ என்கிற பயத்தை நான் கேலி செய்யவில்லை. அமெரிக்காவில் மாணவர்களின் மருத்துவ இன்சூரன்ஸில் பெரும்பாலும் பல் சேராது, தனியாக எடுக்க வேண்டும். எடுக்காதவர் படுத்திருக்கும் பல்லை அங்கே எடுத்தால் பில்லைப் பார்த்துத் தலை சுற்றும். பயம் நியாயம்தான். அந்தப் பயம் மார்ச்சில் வரட்டுமே, ஏன் ஆகஸ்ட் கடைசியில் வருகிறது?

இனி வீட்டில் இருக்கும் அம்மா, அத்தை, பாட்டிமார்களுக்கு. உங்கள் பாசம்தான் சில சமயம் புண்ணை ஆறவிடாமல் செய்கிறது. பல் எடுத்த அன்றைக்குக் கன்னத்தில் சூடாக ஒத்தடம் கொடுக்காதீர்கள். முதல் நாள் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி, இருபது நிமிஷம் வைத்து இருபது நிமிஷம் எடுத்து, வெளியிலிருந்து ஒத்தடம் கொடுங்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் அதிகமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான ஒத்தடம் அதற்குப் பிறகு. இளநீர் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது. உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தம் கிளம்பி வந்துவிடும். டம்ளரில் ஊற்றிக் குடிக்கட்டும். காறித் துப்பவும் கூடாது. முதல் இருபத்துநாலு மணி நேரம் வாய் கொப்பளிக்கவே வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழிய விட்டால் போதும். சாப்பிட்ட பிறகெல்லாம் செய்யலாம்.

ஆறின கேழ்வரகுக் கூழ், குழைந்த தயிர்சாதம், மோர், இட்லியைப் பாலில் ஊறவைத்து... இதெல்லாம் போதும். ரசம் நல்லதுதான், ஆனால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். எங்கள் ஊர்க்காரர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “அல்வா மெத்துன்னுதான இருக்கு, சாப்பிடலாமா?” இனிப்பும் பிசுபிசுப்பும் குழியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் பொறுங்கள். அல்வாக்கடை எங்கும் போய்விடாது.

என் துறையைப் பற்றியே ஒரு கண்டிப்பு. நல்லெண்ணெய் கொப்பளிப்பது நல்ல பழக்கம், நானே சொல்வதுதான். ஆனால் பல் எடுத்த இரண்டு வாரத்துக்கு வேண்டாம். அந்த வேகத்துக்குக் குழி தாங்காது. மஞ்சள்தூள், படிகாரம், பல்பொடி, வேலம்பட்டைத் தூள் எதையும் குழிக்குள் வைத்து அடைக்காதீர்கள். அது மருந்தாகாது, குப்பையாகும். திரிபலா கசாயம் துவர்ப்புள்ளது, ஈறை இறுக்கும். ஆனால் புண்ணின் வாய் மூடி, பல் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு கொப்பளித்தால் போதும். ஆஸ்பிரின், பூண்டு லேகியம், சித்த, ஆயுர்வேத மருந்து எது தினமும் சாப்பிட்டாலும் பல் எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ‘நாட்டு மருந்துதானே, அதைப் போய் சொல்லணுமா’ என்று நினைக்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும்.

மருந்துப் பெட்டி விஷயத்தில் இப்போதெல்லாம் நான் ரொம்பக் கறார். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் வேதிப்பெயரோடு, கைப்பையில் இருக்க வேண்டும். மாத்திரைகள் அட்டையோடு இருக்க வேண்டும். டிரமடால், கோடீன் போன்ற பலமான வலி மருந்துகளைத் தெரியாமல் கொண்டுபோகாதீர்கள். டிரமடாலை நம் நாட்டிலேயே 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டு வந்துவிட்டார்கள். துபாய், அபுதாபி பக்கம் போவதானால் இவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பல்வலிக்குப் போட்ட மாத்திரைக்காக விமான நிலையத்தில் விசாரணையில் நிற்க வேண்டுமா? பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். மெட்ரோனிடசோல் சாப்பிடுகிறவர்கள் விமானத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று மதுவைத் தொடக்கூடாது. என் சூரணத்தையும் காகிதப் பொட்டலத்தில் மடித்து எடுத்துப் போகாதீர்கள். பேர் இல்லாத வெள்ளைத் தூளை எந்த நாட்டு அதிகாரியும் ரசிக்க மாட்டார். நம் சமையல்கட்டுக் கசகசாவுக்கே சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் தடை இருக்கிறது. குருமாப் பொடியில் அது இருக்கிறதா என்றுகூடப் பாருங்கள்!

ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல், எந்தத் தேதி, தையல் தானாகக் கரைவதா, ஒரு வாரத்தில் பிரிக்க வேண்டியதா என்று டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தையல் பிரிக்காமல் ஊர் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

பல் எடுத்த பிறகு எங்கே இருந்தாலும் சரி, காய்ச்சல் வந்தால், வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்தால், எச்சில் விழுங்க முடியாமல் போனால், தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கினால், பஞ்சைக் கடித்து அரை மணி நேரம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், வாட்ஸ்ஆப்பில் எனக்குப் போட்டோ அனுப்பிக்கொண்டு இருக்காதீர்கள். அந்த ஊர் அவசர சிகிச்சைக்கு உடனே போங்கள். கழுத்தில் இறங்கும் வீக்கம் மூச்சை அடைக்கும். காசு, இன்சூரன்ஸ் எல்லாம் அப்புறம்.

அந்த ஜெர்மனிப் பையனின் அம்மா 2025 பிப்ரவரியில் மறுபடி வந்தார். இந்தத் தடவை மகளோடு. மகளுக்கு அயர்லாந்தில் படிப்பு, செப்டம்பரில் பயணம். கையில் பெரிய கவரில் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே.

“ஐயா, நீங்க சொல்லுமுன்னயே எடுத்துட்டேன், பாத்துக்கிடுங்க. பல்லு டாக்டர்ட்டயும் காமிச்சாச்சு. நாலு ஞானப்பல்லுல மூணு நேரா இருக்காம். ஒண்ணு உள்ளயே படுத்துக்கிட்டு ஒரு தொந்தரவும் பண்ணலையாம். எதையும் எடுக்க வேண்டாம், வருசத்துக்கு ஒரு தடவ பாத்துக்கிட்டா போதும்னுட்டாரு.”

“நல்லதாப் போச்சும்மா. அப்போ எதுக்கு என்கிட்ட வந்தீங்க?”

“அவளுக்குக் குளிர் ஊருல இருமல் வரும்லா... ஆடாதோடை மணப்பாகு ரெண்டு பாட்டில், லேபிளோட வேணும்.”